கயிற்றை நம்பி ஒரு பிழைப்பு

பெஹாலாவில் மரம் பேணுவோரின் ஒரு நாள்

காலை ஆறு மணி. பெஹாலா சௌரஸ்தாவில் டீக்கடை அடுப்புகள் புகையத் தொடங்கிவிட்டன. தலைக்கு மேலே மெட்ரோ ரயில் பாலம், கீழே டயமண்ட் ஹார்பர் சாலை. ஆம்தலா பக்கமிருந்து வரும் பஸ்ஸிலிருந்து நாலைந்து பேர் இறங்குகிறார்கள். மடித்துக் கட்டிய லுங்கி, கழுத்தில் சிவப்புக் கட்டம் போட்ட ‘காம்ச்சா’ துண்டு. ஒருவர் தோளில் சுருட்டி மாட்டிய பெரிய கயிறு. இன்னொருவர் கையில் சாக்கில் சுற்றிய ரம்பமும், ‘தா’ என்று வங்காளத்தில் சொல்லப்படும் அரிவாளும். மண் குவளையில் டீ குடித்து, குவளையை வீசிவிட்டு அவர்கள் நடக்கிறார்கள். அன்றைய வேலை ஒரு தெருவோரத் தூங்குமூஞ்சி மரத்தில்.

புயலில் ஒரு மரம் விழுந்தால் மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது. நசுங்கிய கார், அறுந்த கம்பி, மறிக்கப்பட்ட சாலை எல்லாம் செய்தியாகின்றன. ஆனால் அதே புயலில் அதே தெருவில் விழாமல் நின்ற மரத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அது நின்றதற்குக் காரணம், சில மாதங்களுக்கு முன் கயிற்றில் தொங்கியபடி எந்தக் கிளையை வெட்டுவது, எதை விடுவது என்று சரியாக முடிவு செய்த ஒரு கூலியாளாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களின் கதை இது.

தோப்பாக இருந்த ஊர்

கல்கத்தாவின் தென்மேற்கில் உள்ள பெஹாலா வெகு காலம் தனி ஊராக இருந்தது. இதையொட்டிய பரிஷாவில் வாழ்ந்த சாவர்ண ராய் சௌதுரி ஜமீன் குடும்பத்தாரிடமிருந்துதான் 1698-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சுதானுடி, கோவிந்தபூர், கலிகாத்தா ஆகிய மூன்று கிராமங்களின் உரிமையைப் பெற்றது. அந்த மூன்று கிராமங்களிலிருந்தே மாநகரம் பிறந்தது. பெஹாலா அந்த மாநகராட்சிக்குள் வந்ததோ 1984-ல்தான்.

குளங்களும், அவற்றைச் சுற்றித் தென்னை, மா, பலா மரங்களும் நிறைந்த வீடுகள் பெஹாலாவின் பழைய அடையாளம். இன்றும் பர்ணஸ்ரீ, சர்சுனா, பரிஷா பக்கம் அப்படிப்பட்ட வீடுகள் மிச்சம் இருக்கின்றன. மற்ற இடங்களில் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. டயமண்ட் ஹார்பர் சாலையில் ஓடிய டிராம் 2011-ல் நின்றது. அதன் இடத்தில் எழும்பிய தூண்களின் மேல், ஜோகா முதல் தாராதலா வரை 2023 ஜனவரியிலும், மாஜேர்ஹாட் வரை 2024 மார்ச்சிலும் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. ஊர் மாறியது. மரங்கள் மட்டும் பழைய இடத்தில், சுவருக்கும் சாக்கடைக்கும் மின்கம்பிக்கும் இடையில் நெருக்கப்பட்டு நிற்கின்றன. அந்த நெருக்கடிக்குள்தான் இந்தத் தொழிலாளர்கள் ஏறுகிறார்கள்.

மூன்று வகையார்

மரவேலை செய்வோரில் மூன்று வகை உண்டு. மாநகராட்சியின் பூங்காத் துறைக்காக ஒப்பந்தக்காரரின் கீழ் சாலை மரங்களைக் கழிப்போர் ஒரு வகை. மின்கம்பிகளில் உரசும் கிளைகளைக் கோடை மழைக்கு முன் அகற்றுவோர் இன்னொரு வகை. மூன்றாவது வகையார் சொந்தக் கயிறும் அரிவாளுமாகத் தெருத் தெருவாகப் போய், வீட்டுத் தோட்டத்துத் தென்னையில் ஏறி, காய் பறித்து, பட்ட மட்டைகளை இறக்கிக் கொடுப்போர். ஒரே ஆள் மூன்று வேலையையும் மாற்றி மாற்றிச் செய்வதும் உண்டு.

இவர்களில் பலர் தெற்கு 24 பர்கானா மாவட்டத்தின் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். சிலர் பஜ்பஜ் லோக்கல் ரயிலில் வந்து மாஜேர்ஹாட்டிலோ பிரேஸ் பிரிட்ஜிலோ இறங்குவார்கள். மற்றவர்கள் பஸ்ஸில் வருவார்கள். மரம் ஏறுவது பலருக்குச் சிறு வயதிலேயே கிராமத்தில் கைவந்த கலை. குளிர்காலத்தில் ஈச்ச மரத்தைச் சீவிச் சாறு இறக்கி ‘நொலேன் குர்’ வெல்லத்துக்கு வழி செய்பவர்களை வங்காளத்தில் ‘சியூலி’ என்பார்கள். திருநெல்வேலிச் சீமையின் பனையேறிகளுக்கு இவர்கள் சகோதரர்கள். காலில் திளாப்பு மாட்டி ஏறும் நம் பனையேறி இவர்கள் ஏறுவதைப் பார்த்தால், ஊர் வேறு, உத்தி ஒன்று என்று உடனே சொல்லிவிடுவார்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பனையும் ஈச்சும் கிளையில்லாத மரங்கள். ஏறத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெருவோரத் தூங்குமூஞ்சி அப்படியல்ல. அதன் ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு பாரம். எதை எடுத்தால் எது சாயும் என்ற கணக்கு தெரியவேண்டும்.

ஏறுமுன் ஒரு சுற்று

அனுபவசாலி உடனே மரத்தில் கால் வைக்கமாட்டார். முதலில் மரத்தைச் சுற்றி ஒரு முறை நடப்பார். அடிமரத்தில் காளான் முளைத்திருக்கிறதா? பட்டை உப்பியிருக்கிறதா? அரிவாளின் பின்புறத்தால் தட்டினால் கெட்டியான ஓசை வருகிறதா, பானையைத் தட்டினாற்போல் வெற்றோசை வருகிறதா? மேலே பட்டுப்போன கிளை எது? கம்பி எவ்வளவு பக்கத்தில் ஓடுகிறது? காக்கைக் கூடு இருக்கிறதா? தேன்கூடு இருக்கிறதா? இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷத்தைச் சேமிக்க நினைத்தவர்கள் பிறகு வருந்த நேரிடும்.

குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு. ஒருவர் மேலே ஏறுவார். ஒருவர் கீழே கயிறு பிடிப்பார். ஒருவர் தெருவில் நின்று சைக்கிள் ரிக்‌ஷாவையும் ஆட்டோவையும் நிறுத்துவார். மற்றவர்கள் விழுந்த கிளையைத் துண்டு போடுவார்கள். மேலே இருப்பவரின் உயிர் கீழே கயிறு பிடிப்பவரின் கையில் இருக்கிறது. அதனால் கயிறு பிடிப்பவர் பெரும்பாலும் மூத்தவராகவோ, அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று உறவினராகவோ இருப்பார்.

வேலை தொடங்கிவிட்டால் பேச்சு குறைந்துவிடும். மூன்று நான்கு சொற்கள்தான் காதில் விழும். ‘டானோ’ என்றால் இழு. ‘சாடோ’ என்றால் விடு. ‘ஆஸ்தே, ஆஸ்தே’ என்றால் மெதுவாக. ‘ஷாப்தான்!’ என்றால் எச்சரிக்கை; அதைக் கேட்டதும் கீழே நிற்பவர் யாராயிருந்தாலும் மேலே பார்க்காமல் ஓடவேண்டும். மேலே பார்ப்பதற்கு நின்றவருக்கு ஓட நேரமிருக்காது.

பெரிய கிளையை அப்படியே வெட்டி விழவிடுவது இந்தச் சந்துகளில் நடக்காத காரியம். ஒரு பக்கம் வீட்டுக் கூரை, இன்னொரு பக்கம் கம்பிக் கற்றை. கிளையின் நுனியில் ஒரு கயிறும் நடுவில் ஒரு கயிறும் கட்டி, மேலுள்ள உறுதியான கவட்டையின் மீது கயிற்றைப் போட்டு, அறுத்த கிளையைத் தொட்டில் குழந்தையை இறக்குவதுபோல இறக்கவேண்டும். ஏணி வைத்த பெரிய வண்டிகள் மாநகராட்சியிடம் உண்டு. ஆனால் அவை பிரதான சாலைகளோடு சரி. பெஹாலாவின் உள் தெருக்களில் மனிதன்தான் ஏறவேண்டும்.

முசுறும் மின்சாரமும்

ஆபத்து எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாது. இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு எறும்பு உடம்பெல்லாம் ஏறிக் கடிக்கும். அப்போது இரண்டு கையாலும் தட்டிவிட முடியாது, ஒரு கை கிளையைப் பிடித்திருக்கவேண்டும். காக்கைகள் தலையில் கொத்தும். பொந்தில் பாம்பு இருக்கலாம். மழையில் நனைந்த பட்டை பாசி பிடித்து வழுக்கும். மயில்கொன்றையின் கிளை பார்க்கக் கெட்டியாக இருக்கும், கால் வைத்தால் முறியும். மடகாஸ்கர் தீவிலிருந்து வந்து ‘கிருஷ்ணசூடா’ என்ற அழகிய பெயரோடு வங்காளத்துத் தெருக்களைச் சிவக்கச் செய்யும் மரம் அது. ஏறுபவர்கள் அதன் அழகில் மயங்குவதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய பயம் மின்சாரம். ஈரமான பச்சைக் கிளை கம்பியில் சாய்ந்தால் அதன் வழியே மின்சாரம் பாயும். மின்தடை செய்துவிட்டுத்தான் கம்பியருகே வேலை செய்யவேண்டும் என்பது விதி. கம்பியில் மின்சாரம் நின்றுவிட்டது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதிகாரப்பூர்வமாகச் சொல்லப்படும்வரை காத்திருப்பவரே வீடு திரும்புவார்.

மதியம் நிழலில் உட்கார்ந்து சாப்பாடு. பொரியும் பச்சை மிளகாயும் வெங்காயமும், அல்லது வீட்டிலிருந்து கொண்டுவந்த ‘பாந்தா பாத்’. தண்ணீர் ஊற்றி வைத்த முந்தின நாள் சோறுதான் அது. தஞ்சாவூர் வயலில் நடவாள் சாப்பிடும் பழைய சோற்றுக்கும் இதற்கும் பெயர் மட்டுமே வேறு. வயிறு நிறைய உண்டுவிட்டு மரம் ஏறுவது ஆகாது என்பதால் அளவோடுதான் சாப்பாடு.

பருவங்கள்

மரவேலைக்கும் ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. மாசி, பங்குனியில் வேலை மும்முரம். மார்ச் முதல் மே வரை சாயங்கால வேளைகளில் திடீரென்று வடமேற்கிலிருந்து கருமேகம் திரண்டு வீசும் ‘கால்பைசாகி’ காற்று வருமுன் பட்ட கிளைகளையும் பாரமான கிளைகளையும் எடுத்தாகவேண்டும். கால்பைசாகி தொடங்கியபின் இரவு பகல் கிடையாது. எந்த நேரத்திலும் ஆள் வரும், எங்கோ ஒரு மரம் சாலையில் கிடக்கும்.

ஜூன் பிறந்தால் மழை. பெஹாலாவின் தாழ்ந்த தெருக்களில் தண்ணீர் தேங்கும். மண் சேறாகி வேரின் பிடி தளரும். அதே மழையில்தான் கன்று நடவேண்டும். மேற்கு வங்கத்தில் ஜூலை 14 முதல் 20 வரை ‘அரண்ய சப்தாஹ’ என்ற மரம் நடு வாரம் கொண்டாடப்படுகிறது. நடுவது எளிது. மூங்கில் கூண்டு கட்டி, முட்டுக்கொடுத்து, அடுத்த சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்றுவதுதான் கடினம். புரட்டாசியில் துர்க்கா பூஜைக்குமுன் பந்தலுக்கும் விளக்குத் தோரணத்துக்கும் கிளைகள் இடைஞ்சல் என்று மீண்டும் அழைப்பு வரும். ஐப்பசியில் ஏழிலைப்பாலை பூக்கும். ‘சாதிம்’ என்று இங்கே அழைக்கப்படும் அதுவே மேற்கு வங்கத்தின் மாநில மரம். அதன் வாசனை தெருவெல்லாம் நிறையும்போது வேலையும் சற்று ஓயும்.

உம்பன் கற்பித்த பாடம்

2020 மே 20 அன்று சுந்தரவனக் கரையைக் கடந்த உம்பன் புயல் கல்கத்தாவில் மணிக்கு 130 கிலோமீட்டர் வேகம் வரை வீசியது. நகரில் 5,000-க்கும் மேற்பட்ட மரங்கள் விழுந்தன. பெஹாலா உள்ளிட்ட தென்பகுதிகளில் பல நாள் மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை. மக்கள் சாலைக்கு வந்து மறியல் செய்தார்கள்.

அப்போது மரம் வெட்டத் தெரிந்தவர்கள் எங்கே? கொரோனா ஊரடங்கில் புறநகர் ரயில்கள் நின்றுபோய், தொழிலாளர்களில் பெரும்பாலோர் தங்கள் கிராமங்களில் இருந்தார்கள். அந்தக் கிராமங்களையே புயல் முதலில் தாக்கியிருந்தது. தங்கள் வீட்டுக் கூரை பறந்து கிடக்க, நகரத்து மரத்தை அப்புறப்படுத்த எப்படி வருவது? மே 23-ல் மாநில அரசு ராணுவத்தின் உதவியைக் கேட்டது. ராணுவ வீரர்களும் தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் மின்ரம்பங்களோடு தெருவில் இறங்கினார்கள். தினக்கூலிக்கு வரும் இந்தச் சில ஆயிரம் கைகள் இல்லாவிட்டால் மாநகரம் என்னாகும் என்பது அந்த வாரத்தில்தான் பலருக்கும் புரிந்தது.

தமிழ்நாட்டுக்கும் இந்த அனுபவம் புதிதல்ல. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையின் தெரு மரங்களைச் சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளைத் தரைமட்டமாக்கியது.

ஏன் விழுகின்றன?

காற்றின் மேல் பழி போடுவது சுலபம். ஆனால் விழுந்த மரங்களின் வேரைப் பார்த்தவர்கள் வேறு கதை சொல்வார்கள். கேபிளுக்கும் குழாய்க்கும் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்க வேர் வெட்டப்படுகிறது. நடைபாதை சிமெண்ட் அடிமரத்தின் கழுத்துவரை பூசப்படுகிறது. வேருக்குக் காற்றும் இல்லை, நீரும் இல்லை. கம்பிக்காக மரத்தின் ஒரு பக்கக் கிளைகள் மட்டும் வருஷா வருஷம் வெட்டப்படுகின்றன. ஒரு தோளில் மட்டும் காவடி சுமப்பவனைப்போல மரம் சாய்ந்து நிற்கிறது. பிறகு ஒரு நாள் காற்று வருகிறது. காற்று செய்வது கடைசி வேலை மட்டுமே.

தில்லியில் 2013 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குச் சிமெண்ட் இருக்கக்கூடாது என்று உத்தரவிட்டது. எந்த ஊருக்கும் பொருந்தும் விதி அது.

வெட்டும் முறையும் முக்கியம். மரத்தின் காயம் மனித உடம்பின் காயம்போல ஆறிப் பழைய நிலைக்கு வருவதில்லை. அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கில் அறுத்துப் பார்த்து, 1970-களில் இதை விளக்கினார். அழுகிய பகுதியைச் சுற்றி மரம் ஒரு சுவர் எழுப்பி, அதை உள்ளேயே அடைத்துவிட்டு, வெளியே புதிய மரத்தை வளர்க்கிறது. கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் மோதிரம்போல ஒரு வீக்கம் இருக்கும். அந்த மோதிரத்தை விட்டுவிட்டு அதற்கு வெளியே வெட்டினால் சுவர் சீக்கிரம் எழும்பும். அடிமரத்தோடு ஒட்ட வெட்டினாலும் கெடுதல், நீளமாக முண்டு விட்டாலும் கெடுதல். காயத்தில் தார் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை என்பதும் அவர் கண்டதே.

பெரிய கிளையை மூன்று வெட்டில் எடுக்கவேண்டும். முதல் வெட்டு அடிப்பக்கத்தில், கீழிருந்து மேலாகச் சிறிது. இரண்டாவது அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து. பாரம் இறங்கியபின் மிச்சத்தை மோதிரத்துக்கு வெளியே மூன்றாவது வெட்டு. மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால் கிளை விழும்போது அடிமரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். கைதேர்ந்த தொழிலாளிகள் பலர் புத்தகம் படிக்காமலே இதை அறிவார்கள். ஆனால் ஒரு நாளில் இத்தனை மரம் முடியவேண்டும் என்று அவசரப்படுத்தும்போது மூன்று வெட்டு ஒரு வெட்டாகிவிடுகிறது.

காயம் என்ன செய்யும் என்பதற்குச் சாட்சி ஆற்றுக்கு அக்கரையிலேயே இருக்கிறது. சிவ்பூர் தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரம் 1864, 1867 ஆண்டுகளின் புயல்களில் கிளை முறிந்தது. காயத்தின் வழியே பூஞ்சை புகுந்தது. கடைசியில் 1925-ல் தாய்மரத்தையே வெட்டி அகற்ற நேர்ந்தது. விழுதுகள் தாங்கியதால் ஆலமரம் இன்றும் வாழ்கிறது. சென்னை அடையாறு ஆலமரமும் 1989-ல் தாய்மரத்தை இழந்து விழுதுகளால் பிழைத்ததே. தெருவோரத் தூங்குமூஞ்சிக்கு விழுது கிடையாது. அதற்கு ஒரே கால்தான்.

விழுந்தால் யார் தாங்குவது?

மரத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வனமல்லாத பகுதி மரங்களைக் காக்க மேற்கு வங்கத்தில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அனுமதியின்றி மரத்தை வெட்டுவது குற்றம். மரத்தில் ஏறும் மனிதனின் நிலை என்ன?

வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி நஷ்டஈடு தரவேண்டும் என்ற சட்டம் 1923-லேயே இந்தியாவில் வந்துவிட்டது. ஆனால் இன்று ஒரு ஒப்பந்தக்காரரிடம், நாளை ஒரு வீட்டுக்காரரிடம் என்று வேலை செய்பவர், யாரை முதலாளி என்று காட்டுவது? கையெழுத்துப் போட்ட சீட்டு ஏது? தென்னை ஏறுவோருக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் ‘கேரா சுரக்‌ஷா’ காப்பீடு இருக்கிறது. தமிழ்நாட்டில் பனைத் தொழிலாளருக்கு நல வாரியம் இருக்கிறது. நகரத்தில் தூங்குமூஞ்சியிலும் ஆலிலும் ஏறுபவருக்கென்று தனியாக ஒன்றும் இல்லை.

இருக்கும் பொதுத் திட்டங்களையாவது பயன்படுத்திக்கொள்ளலாம். அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்யும் ‘இ-ஷ்ரம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியது. வருஷத்துக்கு 20 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம் ரூபாய் தரும் பிரதமர் சுரக்‌ஷா பீமா திட்டத்தில் வங்கிக் கணக்குள்ள, 18 முதல் 70 வயதுக்குட்பட்ட எவரும் சேரலாம். இருபது ரூபாய் என்பது இரண்டு மூன்று டீயின் விலை. பணமல்ல தடை, படிவத்தை எழுதிக் கொடுக்க ஆளில்லாததுதான் தடை. வீட்டுக்கு வேலைக்கு வருபவரிடம் இது இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் வங்கிக்கு வழிகாட்டுவது படித்த குடும்பங்கள் செய்யக்கூடிய சிறு உதவி.

வீட்டுக்காரர் கவனத்துக்கு

வீட்டில் மரமிருப்பவர்கள் கால்பைசாகி வரும்வரை காத்திருக்கக்கூடாது. பங்குனிக்குள் பட்ட கிளைகளை எடுத்துவிட வேண்டும். “மொட்டையடித்துவிடுங்கள், தாதா, இரண்டு வருஷத்துக்குத் தொந்தரவு இருக்காது” என்று சொல்லக்கூடாது. மொட்டையடித்த மரத்தில் கொத்தாகக் கிளைக்கும் புதுக்கிளைகளுக்குப் பிடிப்பு குறைவு, அவையே பிறகு முறிந்து விழும். கூலியை மரத்துக்கு இவ்வளவு என்று பேசி அவசரப்படுத்துவதைவிட, நாளுக்கு இவ்வளவு என்று பேசுவது மரத்துக்கும் நல்லது, மனிதனுக்கும் நல்லது. கயிறு பழசாக இருந்தால் புதுக் கயிறு வாங்கிக் கொடுக்கலாம். மழையிலும் காற்றிலும் ஏறச் சொல்லக்கூடாது. புதிதாக நடுவோர் மகிழம், வேம்பு, நாவல், பூமருது போன்றவற்றை, சுவரிலிருந்தும் கம்பியிலிருந்தும் தள்ளி நடலாம்.

மாலை நாலரை மணி. தூங்குமூஞ்சியின் பாரம் குறைந்து, மேலே வானம் தெரிகிறது. சுள்ளிகளை அடுப்புக்கென்று இரண்டு பெண்கள் கட்டிக்கொண்டு போகிறார்கள். தடிக் கட்டைகள் வண்டியில் ஏறிவிட்டன. மேலே இருந்தவர் இறங்கி, முழங்கையிலும் கழுத்திலும் முசுறு கடித்த தடிப்புகளைக் காம்ச்சாவால் துடைக்கிறார். மூத்தவர் கயிற்றைத் தரையில் நீட்டி, ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை விரல்களுக்கிடையே ஓட்டுகிறார். எங்கேனும் நார் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. ஓரிடத்தில் விரல் நிற்கிறது. அவர் அரிவாளை எடுத்து அந்த இடத்தை வெட்டி எறிகிறார். கயிறு இரண்டு முழம் குறைந்துவிட்டது. மிச்சத்தைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, ஆம்தலா பஸ்ஸைப் பிடிக்க நடக்கிறார்கள்.